ஆறு மாதம் உப்புத் தண்ணீரில் கிடந்த கட்டிகள்

சிம்கென்ட்,
அக்டோபர் 14

அன்பு மகள் குலாய்முக்கு அம்மா எழுதுவது. இங்கே எனக்கும் உன் தம்பிக்கும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, பூசானில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன். நீ அனுப்பிய கம்பளிச் சட்டை வந்தது, கை நீளம், மடித்துவிட்டுப் போட்டுக்கொள்கிறேன். மனசுதான் குழம்பிக் கிடக்கிறது.

ஒரின்பாய் மாமாவை உனக்கு நினைவிருக்கும், சிமென்ட் ஆலைப் பரிசோதனைக் கூடத்தில் என்னோடு இருபது வருஷம் வேலை பார்த்தவர். உவர்மண்ணில் கட்டும் கால்வாய்களுக்கான சிமென்ட்டில் உலைக் கசடை அரைத்துச் சேர்த்தால் உப்பு இன்னும் குறைவாக அரிக்கும் என்று ஏப்ரலில் செய்து பார்த்தார். சோதனைக்கு வார்த்த சிமென்ட் கட்டிகளை இருபத்தெட்டாம் நாள் எந்திரத்தில் வைத்து அழுத்தினேன், கசடு சேர்த்தவை சீக்கிரமே நொறுங்கிவிட்டன. தேறவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன், அவரை மூட்டை கட்டும் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். போன வாரம் கட்டிகளை ஊறவைக்கும் தொட்டியைக் கழுவப் போனால், அப்போது உப்புக் கரைசலில் போட்ட மீதிக் கட்டிகள் அப்படியே கிடக்கின்றன. கசடு சேர்க்காதவை ஓரமெல்லாம் வெடித்துத் தொட்டாலே உதிர்ந்தன, அவருடையவையோ எந்திரம் முனகிய பிறகுதான் உடைந்தன. அப்படியானால் நான் எழுதியது பொய்யா? அன்றைக்கு அது பொய்யில்லையே. புது முடிவை ஒரு தாளில் எழுதி மேலாளரிடம் கொண்டுபோனேன், ஆறு மாசம் எவன் காத்திருப்பான், சரி தாளை வெச்சிட்டுப் போங்க என்றார். ஏற்றுக்கொண்டாரா, விரட்டினாரா, தெரியவில்லை.

அங்கிருந்து நேரே ஒரின்பாயிடம் போனேன். அவர் தலையெல்லாம் சிமென்ட் தூசி. சொன்னதைக் கேட்டுவிட்டு, அக்கா, நானா இருந்தாலும் அப்போ தேறலைன்னுதான் எழுதியிருப்பேன், ஆனா என்னை மாத்தின அன்னைக்கு ஒரு எட்டு வந்து பாத்தீங்களா என்றார். நான் போகவில்லையே. பிறகு அவரே கிண்ணத்தில் டீயை விளிம்புவரை ஊற்றிக் கொடுத்தார். நம் வழக்கப்படி அப்படி நிறைத்தால் குடித்துவிட்டுக் கிளம்பு, குறைத்து ஊற்றினால் இன்னும் இரு என்றுதானே அர்த்தம்? ஆனால் இத்தனை வருஷமும் ஊற்றிக் கொடுத்தவள் நான், அவருக்கு அளவு தெரியாமலும் இருக்கலாம். குடித்துவிட்டுக் கிண்ணத்தை மறுபடி நீட்டினேன். பாதி ஊற்றி நிறுத்தினார், என் முகத்தைப் பார்த்தார், பிறகு இன்னும் கொஞ்சம் ஊற்றினார். அதை என்னவென்று எடுத்துக்கொள்வது, உனக்குப் புரிந்தால் எழுது.

விசாத் தாளை இம்மாதமே புதுப்பித்துவிடு, மறக்காதே. ஆண்டவன் உன் வழியைத் திறந்தே வைக்கட்டும். நாளைக்கும் ஒரின்பாய் இருக்கும் பக்கம் போகலாம் என்றிருக்கிறேன்.

உன் அம்மா,
ரபிகா