விளக்கு அணையாத கிணறு

அண்ணாச்சி,

எதையும் வரிசைப்படுத்தாமல் எனக்கு எழுத வராது என்பது உங்களுக்குத் தெரியும். ஆகவே முதலில் குறிப்பு.

1. இன்று காலை என் அறைக்குள் வந்த புகை.
2. நீங்கள் வாய்பாடு கற்ற விதம்.
3. உங்கள் கிணற்றடியில் நடந்தது, நடந்த வரிசையிலேயே.
4. அன்று நான் சொன்ன பொய். அதை நீங்கள் கடைசிவரை உண்மை என்றே நம்பினீர்கள்.

நான்காவதைச் சொல்லத்தான் மற்ற மூன்றும். நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது. உயிரோடு இருந்தபோது சொல்லத் துணிவில்லாததை இப்போது சொல்வதில் என்ன பெருமை என்று கேட்பீர்கள். பெருமை இல்லைதான்.

காலை பத்து மணிக்கு மின்சாரம் போனது. இப்போது கோவில்பட்டியில் தினமும் இரண்டு வேளை போகிறது. நான் குடியிருக்கும் மாடிக்குக் கீழே ஒரு தையல் கூடம் இருக்கிறது. புதியம்புத்தூரிலிருந்து வெட்டிய துணி வரும். நான்கு பெண்கள் பாவாடையாகத் தைத்து அனுப்புவார்கள். மின்சாரம் போனால் வேலை நின்றுவிடும் என்று நேற்று ஒரு சிறிய ஜெனரேட்டர் வாங்கி வந்திருக்கிறார்கள். அதைத் தெருவில் வைத்தால் யாராவது தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று மாடிப்படிக்குக் கீழே, உள்ளேயே வைத்திருக்கிறார்கள். வெயிலுக்காக ஷட்டரைப் பாதி இறக்கியும் விட்டிருக்கிறார்கள்.

புகை படியேறி என் அறைக்கு வந்தது. ஜன்னலைத் திறந்தேன். என் வாய் தானாகவே, பன்னிரண்டும் பதினாறும் இருபத்தெட்டு என்றது. எழுந்து நான்கு படி இறங்கினேன். இரைச்சலுக்கு மேலே பெண்களின் பேச்சு கேட்டது. ஒருத்தி தலை வலிக்கிறது என்றாள். இன்னொருத்தி, மாப்பிள்ளை பார்க்க வருகிறார்கள் என்றால் அப்படித்தான் வலிக்கும் என்று சொல்ல எல்லோரும் சிரித்தார்கள். நான் ஐந்தாவது படியில் காலை வைக்கவில்லை. போய் என்ன சொல்வது, கிழவனுக்குப் புகை ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைப்பார்களே என்று நின்றேன். அதற்குள் அதிசயமாகப் பத்தே நிமிடத்தில் மின்சாரம் வந்துவிட்டது. ஜெனரேட்டர் நின்றது. நிம்மதியோடு திரும்பி ஏறிவிட்டேன்.

அந்த நிம்மதியை நினைத்தால்தான் இப்போது பயமாக இருக்கிறது. நான்கு மணிக்கு மறுபடி போகும். இப்போது மணி பன்னிரண்டரை.

இரண்டாவது குறிப்புக்கு வருகிறேன். அப்போது நான் மேல்நிலை வகுப்புக்கு வேதியியல் ஆசிரியர். நீங்கள் பள்ளி அலுவலகத்துக் கடைநிலை ஊழியர். மணியடித்து, சுற்றறிக்கை கொண்டுபோய், மாலையில் ஆய்வகத்துச் சோதனைக் குழாய்களைக் கழுவி வைப்பவர். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். பத்தாம் வகுப்பு தேறினால் ஆய்வக உதவியாளர் ஆகலாம் என்று யாரோ சொல்ல, நாற்பத்தெட்டாம் வயதில் தனித்தேர்வராக எழுத விண்ணப்பம் போட்டீர்கள். மதிய இடைவேளையில் தூக்குச்சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு ஆய்வக மேசைக்கு வருவீர்கள்.

வேதியியல் வாய்பாட்டில் உங்களுக்குப் பயம் எழுத்துகள் மேல் இல்லை, எழுத்துக்குக் கீழே இருக்கும் சிறிய எண்கள் மேல். "இந்த ரெண்டு ஏன் சார் காலுக்குக் கீழ கெடக்கு? தலைக்கு மேல வச்சா மரியாதையா இருக்கும்லா" என்று கேட்டீர்கள். இணைதிறனை நான் புத்தகத்தில் இருந்தபடியே மூன்று நாள் விளக்கினேன். பலன் இல்லை. நான்காம் நாள் அலுமினியத்துக்கு மூன்று, ஆக்சிஜனுக்கு இரண்டு என்று எழுதி, இவன் எண்ணை அவனுக்கு, அவன் எண்ணை இவனுக்கு என்று குறுக்கே கோடு போட்டுக் காட்டினேன். பேனாவை வாங்கி நீங்களே ஒரு தடவை போட்டுப் பார்த்தீர்கள்.

"பொண்ணு குடுத்துப் பொண்ணு எடுக்க மாதிரில்லா இருக்கு. இதுக்குப் போயா சார் இத்தன நாளாப் பயந்தேன்?"

அதற்குப் பிறகு நீங்கள் நிற்கவில்லை. காற்று போதாமல் கரி எரிந்தால் ஒவ்வொரு கார்பனுக்கும் ஒற்றை ஆக்சிஜன்தான் கிடைக்கும், அதுதான் கார்பன் மோனாக்சைடு என்று நான் சொன்னபோது, கடைசிப் பந்தியில் ஆளுக்கு ஒரு அப்பளம் வைக்கிற மாதிரி என்று நோட்டில் எழுதிக்கொண்டீர்கள். மூலக்கூறு எடை கணக்கிடக் கற்ற வாரத்தில், கண்ணில் பட்ட வாயுவை எல்லாம் கூட்டிக் காற்றின் இருபத்தொன்பதோடு ஒப்பிட்டு, இது தரையில் தங்கும், இது மேலே போகும் என்று அலுவலகத்தில் எல்லோருக்கும் சொன்னீர்கள்.

ஒரே ஒரு விஷயத்தில் உங்களைக் கண்டித்திருக்கிறேன். தப்பு வந்தால் ரப்பரால் தேய்த்துத் தாளைக் கிழித்துவிடுவீர்கள். ஆய்வேட்டில் எதையும் அழிக்கக் கூடாது, ஒரே ஒரு கோடு போட வேண்டும், கோட்டுக்குக் கீழே இருப்பது படிக்கத் தெரிய வேண்டும் என்று சொன்னேன். ஏன் என்று கேட்டீர்கள். எது தப்பு என்பதும் ஒரு தகவல் என்றேன். நான் சொன்னவற்றில் அது ஒன்றாவது சரி என்று இன்றும் நினைக்கிறேன்.

மூன்றாவது. அந்தக் கோடையில் எப்போதும்வென்றான் ஊருக்கு மேற்கே இருந்த உங்கள் கிணற்றில் தூர் எடுக்க நாள் குறித்தீர்கள். முந்திய வருடம் பக்கத்து ஊர்க் கிணற்றுக்குள் இறங்கிய இருவர் பிணமாகத்தான் மேலே வந்தார்கள். "நீங்க சும்மா வந்து நின்னா போதும் சார், கணக்குச் சொல்ல ஒரு ஆளு வேணும்" என்றீர்கள். கிணற்று விளிம்பில் நிற்கவே எனக்குக் கால் கூசும். ஆனாலும் மறுக்கத் துணிவில்லாமல் வந்தேன். முந்தின நாளே உட்கார்ந்து ஒரு துண்டுத்தாளில் எல்லாம் எழுதிச் சட்டைப் பையில் வைத்திருந்தேன்: கரியமில வாயு நாற்பத்து நான்கு, காற்று இருபத்தொன்பது, எனவே அடியில் தங்கும், விளக்கை இறக்கினால் அணையும்.

கரிசல் வெடித்துக் கிடந்தது. ஒரு வெடிப்பில் என் செருப்பு மாட்டி அறுந்ததுகூட நினைவிருக்கிறது. தண்ணீர் அறுபதடிக்குப் போய்விட்டதால் மேலே இருந்து இழுக்காது என்று ஆயில் என்ஜினைக் கிணற்றுக்குள்ளேயே, பாதி ஆழத்தில் இருந்த கல் மேடையில் இறக்கி வைத்திருந்தீர்கள். அந்தப் பக்கத்தில் எல்லோரும் செய்வதுதான். விடிந்ததிலிருந்து ஓடித் தண்ணீரை இறைத்துவிட்டு, நான் வந்த சற்று நேரத்தில் அதை நிறுத்தினார்கள். கிணற்று வாயிலிருந்து வந்த புகை கறுப்பாக இருந்தது. அதை நான் பார்த்தேன். பார்த்ததை எழுதிவைக்கிறேன்.

உங்கள் மச்சினன் செல்வராஜும் ஆறு ஆட்களும் தயாராக நின்றார்கள். "கிணத்துக்குப் பரீட்ச வைக்க சாரு வந்திருக்காவ. பாஸாகுமா சார்?" என்றான் செல்வராஜ். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அரிக்கேன் விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கினார்கள். அது மேடையைத் தாண்டி, சேறு வரைக்கும் போய், அசையாமல் எரிந்தது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"எரியுது. இறங்கலாம்" என்றேன்.

நீங்கள் செல்வராஜின் இடுப்பில் கயிறு கட்டினீர்கள். மாட்டைக் கட்டுகிற மாதிரிக் கட்டுகிறாரே அத்தான் என்று அவன் மற்றவர்களிடம் முறையிட்டுக்கொண்டே கல் படிகளில் இறங்கினான். அவன் தலை மேடைக்குக் கீழே மறைந்தபோது நீங்கள் என் பக்கத்தில் வந்து நின்றீர்கள். உங்கள் விரல்கள் எண்ணிக்கொண்டிருந்தன.

"சார், புகை கறுப்பால்லா வந்துச்சு. அப்பம் காத்துப் பத்தாமத்தான எரிஞ்சிருக்கு?"

சட்டைப் பையிலிருந்து துண்டுத்தாளை எடுத்தேன்.

"ஒத்த ஆக்சிஜன். பன்னெண்டும் பதினாறும் இருபத்தெட்டு. காத்து இருபத்தொம்பது. இது அடியிலயும் தங்காது, மேலயும் போவாது, எல்லாத்தோடயும் கலந்துல்லா நிக்கும்? இதுக்கு விளக்கு அணையுமா சார்?"

அணையாது. நஞ்சு ஆளைக் கொல்லும் அளவு இருந்தாலும் விளக்கு எரிந்துகொண்டுதான் இருக்கும். இருபது வருடம் நான் நடத்திய பாடம் அது. என் துண்டுத்தாளில் அது இல்லை. என் தலையிலும் அந்த நிமிடம் வரை இல்லை. உயரத்தைப் பார்த்த பயம் என் படிப்பில் ஒரு வரியை அழித்துவிட்டிருந்தது. வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. என் முகத்தை ஒரு கணம் பார்த்தீர்கள். பிறகு கிணற்றுக்குள் குனிந்தீர்கள்.

"ஏலே செல்வராசு, மேல வா. வேல பொறவு பாப்போம், மேல வா."

"விளக்குதான் எரியுதுல்லா அத்தான்" என்று சிரிப்பு வந்தது. சற்றுக் கழித்து, சிரிப்பில்லாத குரலில், "தல கிறுகிறுன்னு வருது" என்றான். அதற்குப் பிறகு குரலே இல்லை. கயிறு இறுகியது. ஏழு பேரும் இழுத்தீர்கள். கயிற்றைப் பிடிக்க எனக்கு இடம் இருந்தது, நான் பிடிக்கவில்லை. துண்டுத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

வேலிக்கருவை மரத்து நிழலில் கிடத்தியதும் வாந்தி எடுத்தான். பிழைத்தான். ஓட்டப்பிடாரத்து ஆஸ்பத்திரியில் ஒரு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். இன்று அவனுக்குப் பேரன் இருக்கிறான். ஆனால் நிழலில் அவன் கண் திறக்கும் முன்பே ஆட்களில் ஒருவர் என்னிடம் திரும்பி, "நீங்கதான சார் எறங்கச் சொன்னிய?" என்று கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

இதுதான் நான்காவது. நான் சொன்னேன்: "எனக்கும் அப்பதான் தோணுச்சு. சொல்ல வாயெடுத்தேன். அண்ணாச்சி முந்திக்கிட்டாரு."

"ஆமா, சார் சொல்லுகதுக்குள்ள நான் கத்திட்டேன்" என்றீர்கள் நீங்கள்.

அதற்குப் பிறகு டீக்கடையிலும் அலுவலகத்திலும், சாருக்கும் எனக்கும் ஒரே நேரத்தில் தோன்றியது என்று எத்தனை முறை சொல்லியிருப்பீர்கள். ஒவ்வொரு முறையும் பக்கத்தில் நின்று தலையாட்டினேன். தேர்வில் தேறினீர்கள், ஆய்வக உதவியாளர் ஆனீர்கள், என்னோடு அதே மேசையில் பத்து வருடம் நின்றீர்கள். அந்தப் பத்து வருடமும் எனக்கு ஒரு பயம் இருந்தது. என்றாவது ஒரு நாள் நீங்கள் மறுபடி கணக்குப் போட்டுப் பார்ப்பீர்கள், தோன்றியது உங்களுக்கு மட்டும்தான் என்று விடை வரும், என்னை நிமிர்ந்து பார்ப்பீர்கள் என்ற பயம். மோனாக்சைடு பாடம் வரும் வாரத்தில் உங்களை ஏதாவது காரணம் சொல்லி வெளியே அனுப்பிவிடுவேன். கவனித்தீர்களோ இல்லையோ. நீங்கள் படுத்திருந்தபோது சொல்லிவிடுவது என்று வந்தேன். அலுமினியத்தைப் பற்றிப் பேசிச் சிரித்துவிட்டுத் திரும்பினேன்.

மணி மூன்று. கீழே போய்ச் சொல்லுமுன் எண்களை ஒரு முறை சரிபார்த்துக்கொள்ள நினைத்தேன். இருபத்தெட்டா என்று எனக்கே இப்போது சந்தேகம் வந்துவிட்டது, சிரிக்காதீர்கள். புத்தகம் எதுவும் கைவசம் இல்லை. உங்கள் நோட்டு மட்டும் இருந்தது. காரியம் முடிந்த வாரத்தில் உங்கள் வீட்டம்மா, "இது ஒங்க பாடந்தான சார், நீங்களே வச்சிக்கிடுங்க" என்று கொடுத்தார். எட்டு மாதமாக அதைத் திறக்கப் பயந்து அலமாரியின் மேல்தட்டில் வைத்திருந்தேன். இப்போதுதான் எடுத்தேன்.

கிணற்றுக்குப் போன நாளின் பக்கத்தில் இருபத்தெட்டு இருந்தது, சரியாகக் கூட்டி, கீழே அடிக்கோடிட்டு. அதற்கும் கீழே உங்கள் கையெழுத்தில் மூன்று வரி: "விளக்கு அணையாது. சாருக்கு ஞாபகம் வரல, பயந்துட்டாவ. யாருக்கும் தெரியாண்டாம்." அந்த மூன்று வரிக்கும் குறுக்கே ஒரே ஒரு கோடு. ரப்பர் போட்ட அடையாளம் இல்லை. கோட்டுக்குக் கீழே எல்லாம் தெளிவாகப் படிக்க முடிந்தது.

நோட்டை எடுத்துக்கொண்டு கீழே போனேன். எத்தனை படி என்று எண்ணவில்லை. தையல் கூடத்துக்காரர் இளவயது, தூத்துக்குடிக்காரர். புகை வெளியேதான் போகிறது ஐயா, நாங்கள் மின்விசிறி வேறு வைத்திருக்கிறோம் என்றார். நான் வாய்பாடு எதுவும் சொல்லவில்லை. "எனக்கு இது ஒருதரம் மறந்துபோச்சு தம்பி. நான் சொல்லித்தான் ஒரு ஆள் கிணத்துக்குள்ள இறங்கினான்" என்றேன். முதல் முறையாகச் சொல்கிறேன் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? காலையில் தலை வலிக்கிறது என்ற பெண் தையலை நிறுத்திவிட்டு, "அண்ணே, அத வெளிய தூக்கி வைங்க. சங்கிலி போட்டுக் கட்டிக்கிடலாம்" என்றாள். இரண்டு பேராகத் தூக்கினார்கள். ஒரு முனையை நான் பிடித்தேன் என்று எழுத ஆசை. பிடித்தேன், ஆனால் கனம் அவர்களுடையது.

நான்கு மணிக்கு மின்சாரம் போயிற்று. ஜெனரேட்டர் தெருவில் ஓடுகிறது. சத்தம் கேட்கிறது, புகை வரவில்லை. பயம் போய்விட்டது என்று உங்களிடம் சொல்ல மாட்டேன். அது என்னோடுதான் இருக்கும். ஐந்தாவது படியில் அதையும் கூட்டிக்கொண்டு இறங்க முடிகிறது, அவ்வளவுதான்.

இந்த மடலின் தொடக்கத்தில் நான்காவது குறிப்பில், கடைசிவரை உண்மை என்றே நம்பினீர்கள் என்று எழுதியிருக்கிறேன். அது தவறு. அதன்மேல் ஒரே ஒரு கோடு போட்டிருக்கிறேன், அண்ணாச்சி. கீழே இருப்பது படிக்கத் தெரியும்.