ஒரே ரோல், அலவத்துகொட கல்யாணம்

1973 செப். 1, சனி

காலையிலிருந்து தூறல். ஸ்டூடியோ வாசலில் ஒரே சேறு.

நாளை அலவத்துகொடயில் ஒரு முஸ்லிம் வீட்டுக் கல்யாணம். பெண்கள் அறைக்குள் ஆண் வந்து படம் எடுக்கக் கூடாதாம். அதனால் இவர் போக முடியாது, நான் போகிறேன். கல்யாணத்துக்கு இதுதான் முதல் தடவை. இதுவரை பாஸ்போர்ட் அளவு படங்களோடு சரி.

பெண்ணின் உம்மா ஒரு நிபந்தனை போட்டார். படத்தோடு நெகட்டிவையும் கொடுத்துவிட வேண்டும், ஸ்டூடியோவில் ஒன்றும் இருக்கக் கூடாது. வாக்குக் கொடுத்தது நான்தான்.

பிலிம் கிடைப்பதே குதிரைக் கொம்பு. கையில் ஒரே ரோல். பன்னிரண்டு படம்.

எடுத்துப் போக: ரெட்டை லென்ஸ் கேமரா, பிளாஷ் பல்பு, குடை, கைக்குட்டை.

இவர் நூறு தடவை சொல்லிவிட்டார். மேல் லென்ஸ் காட்டும், கீழ் லென்ஸ்தான் படம் எடுக்கும். கிட்டப் போனால் கேமராவை மூன்று விரல் உயர்த்திவிட்டு அழுத்து, இல்லாவிட்டால் தலை வெட்டுப்படும். எனக்குத் தெரியாதா என்ன.

செப். 2, ஞாயிறு

கட்டுகஸ்தோட்டையில் பஸ் ஏறி, வழியெல்லாம் கேமரா மடியில்.

வயிற்றோடு அணைத்து, குனிந்து பார்க்கிற கேமரா என்பதால் யாருக்கும் கூச்சமில்லை. 'இவ எங்களப் பாக்கவே இல்லையே' என்று யாரோ.

பதினொரு படம் முடிந்தது. கடைசிப் படத்துக்கு உம்மாவை மகளோடு நிற்கச் சொன்னேன். வாழ்நாளில் படமே எடுத்துக்கொண்டதில்லையாம். குசினிக்குள், அடுப்புப் பக்கம் ஓடிவிட்டார். மகள்தான் போய் இழுத்து வந்தாள். ஒன்றே ஒன்று, அதற்கு மேல் கேட்கக் கூடாது என்றார். இருந்ததும் ஒன்றுதான்!

கிட்டப் போனேன். உம்மா சட்டென்று மகளின் கன்னத்தில் கை வைத்தார். அழுத்திவிட்டேன்.

உயர்த்திவிட்டு அழுத்தினேனா, அழுத்திவிட்டு உயர்த்தினேனா? பஸ்ஸில் வரும்போதெல்லாம் இதே யோசனை.

செப். 3, திங்கள்

பிலிமை நானே கழுவினேன். இவரை டார்க் ரூமுக்குள் விடவில்லை.

பன்னிரண்டும் வந்திருக்கிறது. கடைசிப் படத்தில் முக்காட்டின் விளிம்பு வரை முழுசாக. கன்னத்தில் அந்தக் கை. இமை மயிரை எண்ணலாம். பெருமைதான், எழுதினால் என்ன? இவ்வளவு நல்ல படம் எங்கள் ஸ்டூடியோவில் யாரும் எடுத்ததில்லை. இவரையும் சேர்த்துத்தான்.

பிரிண்ட் போட்டதும் இவர் ஜன்னலோரம் கொண்டுபோய் நெடுநேரம் பார்த்தார். தான் எடுத்திருந்தாலும் இப்படி வந்திருக்காது என்றார். கல்யாணமாகிப் பத்து வருடத்தில் முதல் பாராட்டு. பிறகு மெதுவாக, "இந்த ஒன்ன மட்டும் வச்சிக்குவோம். யாருக்குத் தெரியப் போவுது?"

"எனக்குத் தெரியும்ல."

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். எனக்கு மட்டும் ஆசை இல்லையா? அந்த நெகட்டிவை இரண்டு தடவை உறையிலிருந்து எடுத்து, திரும்ப வைத்தேன்.

செப். 5, புதன்

நல்ல வெயில். எல்லாவற்றையும் கொண்டுபோய்க் கொடுத்தேன். உம்மா நெகட்டிவை வெளிச்சத்தில் பிடித்து எண்ணினார். பன்னிரண்டு. அலுமாரியில் வைத்துப் பூட்டப் போனவர், கடைசிப் படத்தை மட்டும் திரும்ப வெளியே எடுத்தார். பின்பக்கம் ஸ்டூடியோ முத்திரை. அதைப் பார்த்துவிட்டு என்னிடம் பேனாவை நீட்டினார்.

"இதுல ஒங்கட பேரையும் எழுதுங்க மகள். நாளைக்கி இவட புள்ளைங்க கேட்டா, எடுத்தது யாருண்டு செல்லணுமே."

முத்திரைக்குக் கீழே, கொட்டை எழுத்தில்: செல்வராணி.