இணைப்பின் உரிமையாளருக்கு

பிப்ரவரி 20
சிகரெட் அட்டையில் புண் பிடித்த வாயின் படத்தைப் போட்ட எங்கள் துறைக்கு இப்போது பிரவுசர்களையும் கட்டுப்படுத்தச் சொல்லி உத்தரவு. எதையும் பதிந்து வைக்காத பிரவுசர்களில்தான் பிள்ளைகள் போதை மாத்திரை வாங்குகிறார்களாம். தடையெல்லாம் வேண்டாம், யாராவது அதைத் திறந்தால் இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கு ஒரு குறுஞ்செய்தி போகட்டும் என்றேன். இயக்குநர் மேசையைத் தட்டிப் பாராட்டினார். மார்ச் ஒன்று முதல் அமல். எனக்குத் தலைகால் புரியவில்லை.

பிப்ரவரி 24
தங்கையிடமிருந்து மெயில். அவள் கணவர் அவளுடைய ஃபோனைத் தினமும் குடைவார். அதனால் அப்படி ஒரு பிரவுசரில்தான் எனக்கு எழுதுவாள், படித்ததும் அழித்துவிடுவாள். இந்த முறை தோள்பட்டையில் அடியாம். வக்கீல் ஒருத்தியிடம் பேசத் தொடங்கியிருக்கிறாள்.

அவள் சிம் அவர் பெயரில் இருக்கிறது.

பிப்ரவரி 25
இயக்குநரிடம் கெஞ்சினேன். "ஃபைல் மேல போயாச்சும்மா. ஒண்ணு ரெண்டு பேருக்காகப் பாத்தா சட்டமே போட முடியாது."

அந்த ஒன்று என் கூடப் பிறந்தது.

பிப்ரவரி 26
'ஒன்றாம் தேதியிலிருந்து இதைத் திறக்காதே' என்று எழுதி அனுப்பினேன். அனுப்பிய பிறகுதான் உறைத்தது. இதைப் படிக்கவே அவள் அதைத் திறக்க வேண்டுமே. அவர் வெளியே போனால்தான் திறப்பாள். இரண்டு நாளுக்குள் போவாரா?

பிப்ரவரி 27
ஃபோன் செய்தேன். வழக்கம்போல் ஸ்பீக்கர். பக்கத்திலேயே அவர்.

"அதைத் திறக்காதேடி."

"எதைக்கா?"

"எதை?" என்றார் அவரும்.

"ஜன்னலை. மழை வருமாம்."

"இங்க வெயில் கொளுத்துது. நான் லீவுல வீட்டோடதான் இருக்கேன், பாத்துக்கறேன்" என்று சிரித்தார். அவளும் சிரித்தாள். புரிஞ்சுதா, புரியலையா? வேற ஏதாவது சொல்லித் தொலைச்சிருக்கலாமே. ஒண்ணும் ஓடல.

பிப்ரவரி 28
பதில் இல்லை. பஸ் பிடிக்கப் போகிறேன்.

மார்ச் 1
வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டம்மாள்தான் ஆஸ்பத்திரிக்கு வழி சொன்னார். காலையில் அவன் குளிக்கப் போன நேரத்தில் திறந்திருக்கிறாள். தலையைத் துவட்டிக்கொண்டே குறுஞ்செய்தியைப் பார்த்திருக்கிறான். அவள் ஃபோனைப் பிடுங்கி, என் மெயிலை அவளுக்கே சத்தமாகப் படித்துக் காட்டினானாம். நெற்றியில் தையல், இடது கையில் கட்டு.

"மழைன்னதும் ஏதோன்னு நெனச்சேன்க்கா. அதான் என்னன்னு பாக்கத் தெறந்தேன்."

மார்ச் 19
தங்கை என்னோடு இருக்கிறாள். அவன் மேல் வழக்குப் போட்டாயிற்று. அவளுடைய அடையாள அட்டையெல்லாம் அந்த வீட்டில் மாட்டிக்கொண்டதால் என் பெயரில் ஒரு சிம் வாங்கிக் கொடுத்தேன்.

இன்று அலுவலகக் கூட்டத்தின் நடுவே எனக்குக் குறுஞ்செய்தி வந்தது. என் இணைப்பில் யாரோ மறைவாகப் பார்க்கிறார்களாம். அவளைத் தவிர யார்? வக்கீலுக்கு எழுதுகிறாளா, அவனுக்கா? திரும்பிப் போய்விடுவாளா? அப்புறம் கூட்டத்தில் என்ன பேசினார்கள் என்றே தெரியாது.

சாயங்காலம் செருப்பைக் கூடக் கழற்றவில்லை. "மத்தியானம் ஃபோன்ல என்ன பாத்துட்டிருந்தே?" என்றேன். சும்மாதான் கேட்டேன்.

அவள் ஃபோனின் பூட்டை எடுத்து, அதை மேசைமேல் என் பக்கமாகத் தள்ளிவிட்டு, சுவரோரம் போய் நின்றுகொண்டாள்.