பேச முடிகிற வேகம்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது,

நானும் அப்பாவும் நலம். மூட்டு, முதுகு, மூச்சு எல்லாம் சேர்த்தே சொல்கிறேன். உன் நலத்தில்தான் எனக்குச் சந்தேகம். தினமும் ஓடி முடித்ததும் கைக்கடிகாரத்தைப் படம் பிடித்து அனுப்புகிறவள் பதினோரு நாளாக அனுப்பவில்லை. முழங்காலுக்குக் கீழே வலி, ஐஸ் வைத்துக்கொண்டு படுத்திருக்கிறேன் என்று நேற்றுதான் ஒப்புக்கொண்டாய். ஒவ்வொரு நாளும் முந்தின நாளைவிட வேகமாக ஓடினால் அந்தக் காலும் என்னதான் செய்யும், சொல்லு. யாரடி துரத்துகிறார்கள் என்று கேட்டால் மட்டும் மூக்குக்கு மேல் கோபம் வருகிறது. அதில் அப்படியே அப்பா.

அந்த அப்பாவைப் பற்றித்தான் இந்தக் கடிதம், மடித்து வைத்துவிடாமல் கடைசிவரை படி. நீ வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பிய அன்று, எங்கோ லிஃப்ட் நின்றுவிட்டது என்று சொல்லி அவர் விமான நிலையத்துக்கு வரவில்லை என்று நீ அவரோடு பேச்சை நிறுத்தி எட்டு மாதம் ஆகிறது. நடுவில் நான் இரண்டு பக்கமும் சேதி சுமந்து தோள் வலிக்கிறது. இதற்கிடையில் அவருக்கு ரத்த அழுத்தம் ஏறி, மருத்துவர் ஓடச் சொன்னார். இவர் என்னவோ பாதியில் நின்ற லிஃப்டுக்குள் பத்துப் பேர் மாட்டிக்கொண்டு அலற, அதைச் சரிசெய்யப் போகிற மெக்கானிக்காகவே ஓடினார். நான்காம் நாள் வாசலில் செருப்பு அலமாரி மேலேயே உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் வேண்டுமா என்றால் தலையாட்டக்கூட மூச்சில்லை. எதிர்வீட்டு பிசியோதெரபி பெண் பார்த்துவிட்டு, “அங்கிள், ஓடும்போது முழு வாக்கியம் பேச முடியணும். முடியலன்னா வேகம் ஜாஸ்தின்னு அர்த்தம். மெதுவா ஓடினாதான் நெஞ்சு பழகும், எலும்பும் தசையும் தேற நேரம் கிடைக்கும், மறுநாளும் ஓடலாம்” என்றாள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. உட்கார்ந்திருக்கும்போதே முழு வாக்கியம் பேசாத மனிதர்!

பேச ஆள் வேண்டுமே, நானும் ஷூ வாங்கினேன். முதல் நாள் என்ன பேசுவது என்று தெரியாமல், எட்டுப் பேருக்கு மேல் ஏறக்கூடாது, கதவில் சாயக்கூடாது என்று லிஃப்டில் ஒட்டியிருப்பதை எல்லாம் எனக்கு ஒப்பித்தார். குழந்தையை வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போன பெண் எங்களை முந்திப் போனாள். இவர் ரோஷப்பட்டு முறுக்கினார், நான் உடனே பேச்சுக் கொடுத்தேன், வேகம் தானாக இறங்கியது. இப்படியே மூன்று மாதம். லிஃப்ட் கெட்டால் முதலில் படியேற வேண்டியவர் லிஃப்ட் மெக்கானிக்தானே, இப்போது ஒன்பது மாடி நிற்காமல் ஏறுகிறாராம். அழுத்தமும் இறங்கியிருக்கிறது. அதைவிடப் பெரிய விஷயம், அவரிடம் லிஃப்ட் கதையெல்லாம் தீர்ந்துவிட்டது.

தீர்ந்துபோனதால் சென்ற செவ்வாய்க்கிழமை, பள்ளி மதில் ஓரமாக ஓடும்போது தானாகவே சொன்னார். “பாப்பா கிளம்பின அன்னிக்கு எந்த லிஃப்டும் நிக்கல. மொட்டை மாடி மெஷின் ரூம்ல கதவைச் சாத்திக்கிட்டு உக்காந்திருந்தேன். வந்திருந்தா போகாதேன்னு சொல்லியிருப்பேன். அவ போகாம இருந்துட்டா?” வேகம் சரியாகத்தான் இருந்தது, மூச்சும் வாங்கவில்லை, ஆனாலும் நின்று குனிந்து ஷூ கயிற்றைக் கட்டினார். கயிறு அவிழவே இல்லை. நான் மதிலில் ஒட்டியிருந்த விளம்பரத்தைப் படித்துக்கொண்டிருந்தேன், என்ன விளம்பரம் என்று கேட்காதே.

வீட்டுக்கு வந்து வெகுநேரம் கழித்து, “போனைக் காதுல மாட்டிக்கிட்டு ஓடினா அவகிட்ட பேசலாமா?” என்றார். பிறகு அவரே, “அவ ஓடுற வேகத்துல எங்க பேசறது” என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்தார். இதையெல்லாம் உனக்கு எழுதப்போகிறேன் என்றேன். “ம்” என்றார். மறுக்கவில்லை, கவனித்தாயா.

கண்ணு, வரும் ஞாயிறு காலை ஆறரைக்கு நாங்கள் கிளம்புவோம், உனக்கு அப்போது சனிக்கிழமை மாலை. அவர் கூப்பிடுவார். அடுத்த மாதப் பந்தயத்தை ஒத்திப்போடு, வலிக்கிற காலை ஒரு பிசியோதெரபிஸ்டிடம் காட்டு. அது ஆறும்வரை ஓடாதே, வலிக்காமல் நடக்க முடிந்தால் நட, போதும். எங்கள் ஓட்டமும் உன் நடையும் ஏறக்குறைய ஒரே வேகம்தான். நீ மெதுவாகப் போ, மீதியை அவர் பார்த்துக்கொள்வார்.

நோகாத காலும் நிறைந்த மூச்சுமாக நீ நெடுநாள் இருக்க வேண்டும். போனுக்கு மறக்காமல் சார்ஜ் போட்டு வை, அவர் நிறையப் பேசுவார்.

என்றும் உன்,
அம்மா