உனக்கு வரவேண்டிய தட்டு

அடியே, மூலக்குளத்தில் உங்கள் புது வீட்டுக்கு இன்று காலை பால் காய்ச்சினார்கள். போய்விட்டு வந்து இன்னும் புடவை மாற்றவில்லை. ஹோமப் புகையும் புதுச் சுண்ணாம்பு வாசனையும் அதிலேயே இருக்கின்றன. ஆத்திரம் அடங்கவே மாட்டேன் என்கிறது. உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் போய்ச் சொல்ல?

கம்ப்யூட்டரில் வீட்டுப் பிளான் வரைகிற ஆட்டோகேட் கோர்ஸில் நமக்கு என்ன கிழித்தார்கள்? ஐகானை அமுக்கு, கோடு வரும், அவ்வளவுதான். சர்ட்டிபிகேட்டைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். ஒரு சமையலறையைக்கூடச் சொந்தமாக வரைய நமக்குத் தெரியவில்லை. "இது படிப்பாடி? ஏமாத்து வேல" என்று கத்தினாய். அப்புறம்தான் குருசுக்குப்பம் போகிற வழியில் இருந்த பிரவுசிங் சென்டரில் நாமாகவே பழகத் தொடங்கினோம். திரையில் இருந்த ஐகான்களை எல்லாம் மறைத்துவிட்டு, கீபோர்டில் அடித்தே வரைய வேண்டும் என்பது உன் சட்டம். திரும்ப எடுத்துவைக்க மறந்துவிடுவோம். அடுத்து உட்காருகிறவர்கள் மிஷின் கெட்டுப்போச்சு என்று சண்டைக்கு நிற்பார்கள். "யம்மா, ரெண்டு பேரும் என் கடைய மூடாம வுடமாட்டீங்க போல" என்று கடைக்காரர் தலையில் அடித்துக்கொள்வார்.

டேப்பை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போவாய். அளந்ததை வரைவாய். முடித்ததும் அழித்துவிடுவாய். எனக்குப் பதறும். "பாத்துப் பாத்து வரைஞ்சா கைக்கு வராதுடி. அழிச்சிட்டுத் திரும்ப வரை" என்பாய். உங்கள் வீட்டில் என்ன பேசினார்கள் தெரியுமா? "பிரான்சுல கட்டிக்குடுக்கப் போற பொண்ணு, கம்ப்யூட்டர்ல கட்டம் போட்டு விளையாடுது." விளையாட்டாம்!

பிரான்சிலிருந்து வந்து மனை வாங்கிய உன் அண்ணனுக்கு அந்த விளையாட்டுத்தான் தேவைப்பட்டது. எத்தனை முறை அழித்து அழித்து இந்த வீட்டுப் பிளானை வரைந்தாய்! அம்மாவுக்கு முட்டிவலி என்று உள்ளே ஒரு படிகூட வைக்கவில்லை. அடுப்படியில் நின்றால் அவருக்குத் தெரு தெரிய வேண்டும் என்று சமையலறையை முன்பக்கம் இழுத்தாய். அப்ரூவலுக்கு இன்ஜினியர் கையெழுத்து வேண்டும் என்றார்கள். ஒருவர் தன் பெயரைப் போட்டுக் கையெழுத்திட்டார். ஒரு கோட்டைக்கூட மாற்றவில்லை. கடைக்கால் எடுத்த மாதமே காமாலை உன்னைக் கொண்டுபோய்விட்டது.

இன்று வந்தவர்கள் எல்லாம் அந்த அடுப்படியில் நின்று தெருவைப் பார்த்து மெச்சினார்கள். "எல்லாம் நம்ம இன்ஜினியர் சார் மூளை" என்றார் உன் அண்ணன். வேட்டி, துண்டு, பழம் வைத்த மரியாதைத் தட்டை அந்த இன்ஜினியரிடமே நீட்டினார். அந்த மனுஷன் வாயைத் திறக்க வேண்டாமா? சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார். எனக்கு வந்ததே கோபம்!

"பிளான் போட்டது உங்க தங்கச்சிண்ணே. இவரு கையெழுத்து மட்டும்தான் போட்டாரு."

எல்லோரும் திரும்பினார்கள். அண்ணன் முகம் சுருங்கியது. "அது சும்மா பழகறதுக்கு ஏதோ வரைஞ்சுது. எங்க, அது போட்ட பிளானக் காட்டு பாப்போம்."

எதைக் காட்டுவேன்? அப்ரூவல் பிளானில் இருப்பது இன்ஜினியர் பெயர். நீ வரைந்ததை எல்லாம் நீதான் ஒன்று விடாமல் அழித்துவிட்டாயே. அந்த நிமிஷம் உன்மேலும் எரிச்சல் வந்தது.

பந்திக்கு இலை போட்டார்கள். நான் செருப்பை மாட்டினேன். உன் அம்மா முட்டியைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை வந்தார்.

"சாப்டாம போவாதம்மா. நல்ல நாளு."

"அவ பேரச் சொல்லி ஒரு தட்டு வைக்கச் சொல்லுங்கம்மா. வந்து உக்கார்றேன்."

அம்மா திரும்பி மகனைப் பார்த்தார். அண்ணன் சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு பந்திக்குள் போய்விட்டார்.

பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் வந்துவிட்டேன். நல்ல காரியத்தில் வம்பு இழுத்தவள் என்று ஊர் பேசும். பேசட்டும். நீ இருந்திருந்தால் "வுடுடி, போனாப் போவுது" என்று என் கையைப் பிடித்து இழுத்து வந்திருப்பாய்.

விடமாட்டேன்டி. உன் அண்ணன் தன் வாயால் உன் பெயரைச் சொல்கிறவரை விடமாட்டேன்.