வடக்குச் சுவரின் கதவு

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நலம். பழைய நூற்பாலையை அளந்து அதன் வரலாற்றை எழுதும் வேலை நேற்று முடிந்தது. இனி அது நூலகமாகப் போகிறது.

ரம்பப் பல் போன்ற கூரை. கண்ணாடிகள் எல்லாம் வடக்கே பார்த்தவை. வெயிலைத் தடுத்து வெளிச்சத்தை மட்டும் உள்ளே விடும். நூற்றுப் பன்னிரண்டு இரும்புத் தூண்களில் ஏழு, பல வருஷங்களுக்கு முன் தொழிலாளர்கள் இறந்த அந்தத் தீ விபத்தில் வளைந்தவை.

வடக்குச் சுவரில் ஓரிடம் தட்டினால் வேறு மாதிரி ஒலித்தது. அங்கே இருந்த கதவைத் தீக்குப் பிறகே அடைத்ததாக ஆலையின் பதிவேடு சொல்கிறது. பூச்சைச் சுரண்டினேன். அடைத்த செங்கற்களின் மேல் கரி படிந்திருந்தது. தீப்பிடித்தபோது அங்கே கதவே இல்லை.

அன்று ஆலையில் தானும் வேலையிலிருந்து, தங்கையைத் தீயில் பறிகொடுத்த ஓர் அம்மாவை வரவழைத்துக் காட்டினேன்.

"கதவு தொறந்துதான் இருந்துச்சு, புகையில நீதான் பாக்கலன்னு சொன்னாங்கம்மா. இத்தன வருஷமா நானும் அப்படித்தான் நெனச்சிட்டிருந்தேன்" என்றார். கரி படிந்த செங்கற்களைக் கையால் தடவிப் பார்த்தார்.

அடைக்கச் சொன்ன வரைபடம் அலுவலக அலமாரியில் கிடைத்தது. தீக்கு ஐந்து மாதம் முந்திய தேதி. கீழே பொறியாளரின் கையெழுத்து. நம் பள்ளி மதிப்பெண் அட்டைகளில் இருக்குமே, அதே கையெழுத்து.

வரைபடத்தையும் அறிக்கையோடு கொடுத்துவிட்டேன்.

செய்தித்தாளில் வருமுன் ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். அப்பாவிடம் நானே சொல்கிறேன். அப்போது அவர் கையை நீ பிடித்துக்கொள். என்னால் முடியுமா என்று தெரியவில்லை.

உன் தங்கை