கோடு போட்டவர் கால்

இன்று காலை தென்காசி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் மைதாப் பசை வாசம். மாடு தின்னாமலிருக்க மயில்துத்தம் கலந்து நீ காய்ச்சுவாயே, அதே வாசம். ஈரம் காயாத போஸ்டரில் ‘எங்கள் ஊரைப் பிரிக்காதே’ என்று கொட்டை எழுத்து. சீட்டு எண்ணிக்கை மாறப்போகிறதாம், தொகுதி எல்லைகளை மறுபடி வரையப்போகிறார்களாம். போஸ்டர் அடித்தவர் நம் பழைய எம்.எல்.ஏ., இந்தத் தடவை பிரியப்போவது அவர் ஊர். படித்ததும் எனக்கு வயிறு குளிர்ந்தது மக்கா.

போன தடவை வரைந்தபோது கருத்துக் கேட்புக் கூட்டத்தில் அவர் எழுந்து, “ஓடைதான் இயற்கையான எல்லை” என்றார். நம் ஊர் ஓட்டு மொத்தமாக விழுந்தால் அவர் தோற்பார், அதற்குத்தான். என் வீடு ஒரு தொகுதிக்கும் ஓடைக்கு அந்தப் பக்கம் உன் வீடு இன்னொன்றுக்கும் போனது. வெளியே வந்து நீ சிரித்தாய். “கோடு போடுதவனுக்குக் கால் நனையாதுலே.”

அப்புறம் ஓடைக்குப் பாலம் கேட்டுப் போனால் என் தொகுதி எம்.எல்.ஏ. உன் தொகுதிக்காரரைக் கைகாட்டினார், அவர் இவரை. குற்றாலத்தில் குளிக்கத் தடை போட்ட ஒரு மழை நாளில் உனக்கு நெஞ்சு வலித்தது. ஆம்புலன்ஸ் என் வீட்டு வாசலில் நின்றது. நடுவில் ஓடை கரைபுரண்டது. கடையம் வழியாகச் சுற்றி வருவதற்குள் நீ போய்விட்டாய்.

இன்று மத்தியானம் அந்தப் பழைய எம்.எல்.ஏ.வே என் வீடு தேடி வந்தார். “எங்க ஊரை ரெண்டா வெட்டப் பாக்குதாவ தம்பி. ஏற்கெனவே வெட்டுப்பட்ட ஊர்க்காரர் நீங்க வந்து பேசினா எடுபடும்.” கொஞ்சமும் கூச்சமில்லை.

“மதினிகிட்டயும் ஒரு வார்த்தை கேக்கணும் அண்ணாச்சி. அங்கன வச்சுச் சொல்லுதேன்” என்று ஓடையில் இறங்கினேன். செருப்பைக் கையில் பிடித்து, பாசியில் வழுக்கி, வெள்ளை வேட்டி நனைய அவரும் வந்தார். நான் கை கொடுக்கவில்லை.

உன் மனைவி செம்பில் தண்ணீர் கொடுத்துவிட்டுக் கேட்டாள்: “இந்த வழியாத்தான் அவுகளத் தூக்கிட்டுப் போகச் சொன்னீகளா?”

அவர் தண்ணீரைக் குடிக்கவில்லை. நான் சொன்னேன்: “கூட்டத்துக்கு வாரேன் அண்ணாச்சி. உங்க ஊருக்கு நடுவுலயும் ஓடை இருக்குல்லா? அதான் இயற்கையான எல்லைன்னு சொல்லுதேன்.”

அவர் திரும்ப ஓடையில் இறங்கிப் போனதும் மதினி, “அந்த ஊர்லயும் யாருக்காவது நெஞ்சு வலிக்கும்லா?” என்றாள். நான் காதில் வாங்கவில்லை.

கூட்டத்துக்குப் போகத்தான் போகிறேன். அவர் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தை இத்தனை வருஷமாக மனப்பாடமாக வைத்திருக்கிறேன். நீ பக்கத்தில் இருந்தால் என் வாயைப் பொத்தி உட்கார வைப்பாய். நீதான் இல்லையே.